கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சீ.ஆர். கொப்பி

முன்பக்கத்தால் போகாதீர்கள். முன்பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பூ நிமிர்ந்து நிற்கும், மெழுகுதிரி எரியும், பாடகர் குழு சுருதி பிசகாமல் பாடும். திருவிழாவைப் பார்க்க அது போதும். திருவிழா எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசையா? அப்படியென்றால் முந்தின நாள் பின்னேரமே மயிலிட்டிக் கரைக்கு வந்து பின்கதவால் நுழைய வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையிலேயே வைத்திருங்கள். கீழே விட்டால் கூட்டுகிறவர்கள் குப்பையோடு அள்ளிவிடுவார்கள், அவ்வளவு வேகம்!

சத்தம்தான் முதலில் வரும். துறைமுகப் பக்கமிருந்து எஞ்சின் உறுமல். பின்வளவில் ஐந்தாறு திருவலை ஒன்றாகக் கறகறக்கும். வேப்பமரத்தில் ஸ்பீக்கர் கட்டுகிற பெடியன் “ஹலோ, ஹலோ” என்று இன்னும் வராத சனத்தைக் கூப்பிடுவான். ஏணிக்கு மேலே நிற்கிறவர் கீழே நிற்கிற ஐந்து பேருக்கும் கட்டளை போடுவார், கீழே நிற்கிற ஐந்து பேரும் மேலே நிற்கிறவருக்குக் கட்டளை போடுவார்கள். தோரணம் என்னவோ நேராகத்தான் தொங்கும்.

பார்த்த மாத்திரத்தில் இதெல்லாம் ஒரே குழப்பம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் நின்று பார்த்தால் ஆளுக்கு ஒரு வேலை இருப்பது தெரியும். சும்மா நிற்கிற ஆள் யாராவது உண்டா என்று சுற்றிப் பார்த்தேன். நான் ஒருத்திதான். அதுவும் நீடிக்கவில்லை. “தங்கச்சி, சும்மாதானே நிக்கிறீர், இந்தக் கரையைப் பிடியும்” என்று ஒரு அக்கா சோடினைத் துணியின் ஒரு முனையை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து அதை வாங்க வெகுநேரம் பிடித்தது. அதுவரைக்கும் நான் ஒரு கம்பம்.

இத்தனைக்கும் சூத்திரதாரி ஒரு கொப்பி. தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி, மூலையில் தேத்தண்ணிக் கறை. பங்குச்சபைச் செயலாளரின் கக்கத்தை விட்டு அது இறங்காது. கெஞ்சி ஒருதரம் வாங்கிப் புரட்டினேன். ‘வேலைகள்’ என்று வரிசையாக எழுதி, யார் யார் வருவீர்கள் என்று பக்கத்தில் இடம் விட்டிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை! இடது பக்கத்தில் இருப்பது வீடுகள். வீடு வீடாக, அந்த வீட்டில் மூச்சு விடுகிற அத்தனை பேரின் பெயரும். தொட்டில் பிள்ளை உட்பட. வேலை வலது பக்கத்தில்தான் வருகிறது. வேலைக்கு ஆள் தேடுகிற கொப்பி இல்லை இது, ஆளுக்கு வேலை தேடுகிற கொப்பி. ஒரு பெயருக்கு நேரே வெறுமையாக இருந்தால் அந்த ஆளைக் குறை சொல்வதில்லை. “இவருக்கு இன்னும் நான் ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை” என்று செயலாளர் தன்னைத்தான் நொந்துகொள்கிறார்.

கண்டுபிடிப்புகளோ, அடடா! பூசை முடியும்வரை வெளியே வேம்புக்குக் கீழே நின்று கதைக்கிற ஆண்கள் எந்தப் பங்கில் இல்லை? அவர்களை உள்ளே கூப்பிட்டுப் பிரசங்கம் வைத்தே களைத்துப்போன சுவாமிமார் எத்தனை பேர்! கொப்பி மல்லுக்கட்டவில்லை. வெளியே நிற்கிறாயா, நில். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஒழுங்காக நிற்பது உன் பொறுப்பு, ஜெனரேற்றரும் உன் பொறுப்பு. மனுஷன் இப்போது பூசை நேரத்தில் கதைப்பதே இல்லையாம். கரண்ட் எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாராம்.

ஊரில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குச் சண்டை என்று டொக்டருக்கும் பொலீசுக்கும் முந்தித் தெரிந்துவைத்திருக்கிற ஒரு மாமி எங்கும் இருப்பார். அவருக்கு நோயாளர் பட்டியல். நன்மை கொண்டுபோக வேண்டிய வீடுகள், அவஸ்தைபூசுதலுக்குச் சுவாமியைக் கூப்பிட வேண்டிய வீடுகள் எல்லாம் அவர் கணக்கு. வாய் அதே வாய்தான். போகிற திசைதான் மாறியிருக்கிறது.

சுவரோடு சாய்ந்து காலை நீட்டியிருக்கிற ஒரு ஆச்சியிடம் கொஞ்சம் நில்லுங்கள். கண் மங்கிவிட்டது. எதிரே நிற்பது யாரென்று குரலை வைத்துத்தான் பிடிக்கிறா. மடியில் குருத்தோலைக் கட்டு. ஒரு ஓலையை எடுத்து ஈர்க்கின் அடியை நகத்தால் கீறுகிறா, ஒரே இழுவை, ஈர்க்கு தனியே வந்து விழுகிறது. ஓலையை இரண்டாய் மடித்து, பெருவிரலால் மடிப்பை அழுத்தி, ஒரு நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுக்கிறா. குருவி! வாலை மட்டும் கத்தரிக்கோலால் வெட்ட ஒரு பேத்தி பக்கத்தில். “வாலை நீட்டா விடு, அது பறக்கிற குருவி” என்று பார்க்காமலே திருத்துகிறா. எத்தனை குருவி முடித்தீர்கள் என்று கேட்டால் அதட்டு விழுகிறது. எண்ணினால் கை நின்றுவிடுமாம்.

மெழுகுதிரித் தண்டுகளில் உருகி இறுகின மெழுகைச் சுரண்டுவது சின்னப் பெடியளின் இலாகா. ஆயுதம், கரண்டிக் காம்பு. சுரண்டின மெழுகு பால்மா ரின்னுக்குள் போகும். பெரியவர்கள் யாராவது உதவிக்குக் கை வைத்தால், “அங்கிள், இது எங்கடை வேலை” என்று துரத்திவிடுகிறார்கள். இந்தத் துரத்தலைக் கேட்கத்தான் நான் அந்தப் பக்கம் திரும்பத் திரும்பப் போனேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சரி, குசினிப் பக்கம். மூன்று கல் வைத்துக் கிடாரம் ஏறிவிட்டது. பனைமட்டை நெருப்பு, கண்ணெல்லாம் புகை. ஓரத்தில் ஒரு சாக்கு அரிசி. கையை விட்டு அள்ளிப் பாருங்கள்: ஒரே பிடிக்குள் சிவப்பு நாட்டரிசி, சம்பா, பச்சையரிசி, புழுங்கல் எல்லாம் கலந்து கிடக்கும். கடையில் வாங்கினால் இப்படி வராது. இது பிடியரிசி. சமைக்க அரிசி அளக்கிற நேரம் ஒரு பிடியைத் தனிச் சட்டியில் போட்டுவைத்து, பிறகு கோயிலுக்குக் கொண்டுவருகிற வழக்கத்தைச் சில வீடுகள் இன்னும் விடவில்லை. இத்தனை வீட்டு அரிசி ஒரே கிடாரத்தில் ஒரே நேரத்தில் வேகுமா? வேகாது. சோறாக்கினால் பாதி குழையும், பாதி பல்லில் படும். அதனால்தான் பிடியரிசி கஞ்சிக்குப் போகிறது. கஞ்சிக்குப் பேதமில்லை. சமையலுக்குப் பொறுப்பான அன்ரி இதை எனக்கு விளக்கின விதத்தைப் பார்த்தால், திருச்சபையின் இறையியல் முழுவதும் அந்தக் கிடாரத்துக்குள்தான் கிடக்கிறது என்று நினைப்பீர்கள். அவரோ உப்புப் போதுமா என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பிடியரிசிக்கு நீண்ட கதை உண்டு. மயிலிட்டியிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் தெல்லிப்பழை. 1816இல் டானியல் பூவர் என்ற அமெரிக்க மிஷனரி அங்கே வந்து இறங்கினார். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியது. அந்த மிஷன் சபைகளின் பெண்கள்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பிடியைத் தங்கள் ஊழியமாக்கிக்கொண்டவர்கள். யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெண்ணின் கையில் காசு ஏது? காசு புருஷனின் மடியில். ஆனால் அரிசிச் சுண்டு அவள் கையில். அந்த ஒரு சுண்டுக்கு அவள்தான் ராணி! அதிலிருந்து ஒரு பிடி எடுக்க யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை. வளவில் ஒரு மரத்தைக் குறித்துவைத்து, அதன் விளைவைச் சபை வேலைக்கென்று கொடுத்த வீடுகளும் இருந்தன. பிடியும் மரமும் சேர்ந்த பணத்தில் சுதேச சபையாரே நெடுந்தீவு முதலிய தீவுகளுக்குத் தங்கள் ஊழியரை அனுப்பினார்கள். அமெரிக்காவில் சேர்த்த காசு வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி வருகிற கதையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கோ சொல்லாமல் இருக்க முடியாது. 1902இல் தமிழ்நாட்டுத் திருநெல்வேலியின் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், வை.எம்.சி.ஏ. செயலாளராக வேலை பார்த்தவர், யாழ்ப்பாணம் வந்தார். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இங்கே வந்து பார்த்தால், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே சங்கம் அமைத்து, தாங்களே காசு சேர்த்து, கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுத் தொண்டிக்கு ஊழியம் செய்ய ஆள் அனுப்பியிருக்கிறார்கள்! திருநெல்வேலியில் சபையின் ஆள் பலம் எவ்வளவு, யாழ்ப்பாணம் எவ்வளவு? இந்தச் சின்னக் குடாநாடு எங்களுக்கு ஆள் அனுப்புகிறதா? அந்தக் குறுகுறுப்போடு ஊர் திரும்பினார். 1903 பெப்ரவரி 12ஆம் திகதி திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் இந்தியர், காசும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது.

அசரியா அத்தோடு நிற்கவில்லை. 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். இந்தியர் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயராவது அதுவே முதல்தடவை. தெலுங்கு நாட்டில் அவரது சபையார் பெரும்பாலும் நிலமில்லாத கூலிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர் எத்தனையோ பேர். இவர்களை வைத்து என்ன செய்வது என்று வெளியாட்கள் கேட்டிருப்பார்கள். அசரியாவோ அவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலையில் தாங்களே வைக்கச் சொன்னார். சுவிசேஷத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஐயோ என்கிற பவுலின் வார்த்தையை ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும். குருமாரின் தலையில் பேராயர் கை வைப்பதைப் பார்த்திருக்கிறோம். வயலில் களை பிடுங்குகிறவர் தன் தலையில் தானே கை வைத்துக்கொள்ளும் பட்டாபிஷேகத்தை எங்கே பார்த்தோம்? அந்தச் சபையிலும் பிடியரிசிக்கு இடம் இருந்தது. இன்னும் வடகிழக்கே, மிசோரத்தில், 1910அளவில் தொடங்கின இதே பிடியரிசி இன்றைக்கும் அங்கத்துத் திருச்சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று. ஒரு பிடிதான். ஆனால் எல்லா வீட்டுப் பிடியும்.

மயிலிட்டிக்குத் திரும்புவோம், கஞ்சி இறக்குகிற நேரமாகிறது. இது கத்தோலிக்கக் கரை, காணிக்கை மாதாவின் ஊர். இங்கே ஆளுக்கு வேலை கொடுக்கிற கலையில் தேர்ந்தவர்கள் மரியாயின் சேனைக்காரர். திருவிழாவுக்கு வருடத்தில் ஒரு தரம் எல்லோரும் ஓடி வருவார்கள். ஓடி வராத சாதாரணக் கிழமைகளில் என்ன நடக்கிறது என்பதுதான் உண்மையான பின்பக்கம். சேனை 1921 செப்டெம்பர் 7ஆம் திகதி டப்ளினில் தொடங்கியது. தொடக்கியவர் ஃபிராங்க் டஃப் என்கிற அரசாங்க உத்தியோகத்தர். குருவானவர் இல்லை, ஃபைல் பார்க்கிற மனிதர், அது ஒழுங்குகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் பெயர் பிரசீடியம். கிழமைக்கு ஒரு கூட்டம், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. வெள்ளைத் துணி விரித்த மேசை, மாதா சொரூபம், இரண்டு பூச்சாடி, இரண்டு மெழுகுதிரி, உரோமைப் படைக் கொடியைப் பார்த்துச் செய்த ஒரு வெக்சில்லும்.

அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். செபம் முடிந்து அறிக்கை தொடங்கியதும் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்! உள்ளே பேசுவது வெளியே வரக்கூடாது என்பது சேனையின் விதி. எட்டிப்பார்க்க வந்தவளுக்குக் கதவு சாத்தினால் எப்படியிருக்கும்? வாங்கில் இருந்து நகத்தைக் கடித்தேன். ஆனால் அறிக்கை எப்படி நடக்கும் என்பது இரகசியமில்லை. போன கிழமை உனக்குத் தந்த வேலை என்ன, செய்தாயா, என்ன நடந்தது: ஒவ்வொருவரும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் ஆகாது. வேலைக்குப் போவது இரண்டு இரண்டு பேராக. கூச்சக்காரருக்கு வாயாடி துணை, வாயாடிக்குக் கூச்சக்காரர் கடிவாளம். பணமோ சாமானோ கொடுத்து உதவுவது சேனையின் வேலை இல்லை, அதற்கு வின்சென்ட் டி போல் சபை இருக்கிறது. அப்படியானால் கொடுக்க என்ன மிச்சம்? நேரம். நோயாளியின் கட்டிலடியில் இருப்பது, பூசைக்கு வராமல் விட்ட வீட்டின் படலையைத் தட்டுவது, கிழவிக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது. ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டுத் தப்புவது இதைவிட எத்தனை சுலபம் என்று எனக்கு அந்த வாங்கில் இருந்தபோதுதான் உறைத்தது.

யன்னலால் ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்துவிட்டேன். இரகசியப் பை. கழுத்துச் சுருக்கின ஒரு துணிப்பை கைக்குக் கை போகிறது. எல்லோரும் கையை உள்ளே விடுகிறார்கள். நூறு ரூபாய் போட்டவரா, ஐந்து ரூபாய் போட்டவரா, வெறுங்கையை விட்டு எடுத்தவரா, யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. போடாவிட்டாலும் கையை விட வேண்டும் என்பதுதான் இதில் வித்தை! கடல் பெருத்து வள்ளம் கரையில் கிடக்கிற வாடைக்காலத்தில் தொழிலாளி வீட்டில் காசு இருக்காது. அந்த மாதங்களிலும் அந்தக் கை எல்லாக் கைகளோடும் பைக்குள் போய் வருகிறது. கூட்டத்துக்கு வரமுடியாத படுக்கைக்காரருக்கும் இடம் உண்டு. துணை அங்கத்தவராகப் பதிந்து நாளாந்தச் செபத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆக, கட்டிலில் கிடக்கிறவரின் பெயருக்கு நேரேயும் வெறுமை இல்லை.

பிள்ளைகளுக்குத் திருப்பாலத்துவ சபை. 1843இல் பிரான்ஸில் ஃபோர்பின் ஜான்சன் என்கிற ஆயர் சிறுவர்களுக்கென்றே தொடங்கியது: நாளுக்கு ஒரு அருள்நிறைந்த மந்திரம், மாதத்துக்கு ஒரு சல்லி. வின்சென்ட் டி போல் சபையின் கதை இன்னும் ருசி. 1833 ஏப்ரல் 23ஆம் திகதி பாரிஸில் அதன் முதல் கூட்டம் கூடியபோது பிரெடரிக் ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. இருபதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாணவன் செய்கிற வேலையைப் பாருங்கள்! 1965 நவம்பர் 18ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணி பற்றித் தனி ஏடே வெளியிட்டது. ஞானஸ்நானம் பெற்ற எவரும் வெறும் பார்வையாளர் இல்லை என்பதே அதன் சாரம். ஏடு உரோமையில் வந்துவிட்டது. அதைப் பங்குக்குப் பங்கு சீ.ஆர். கொப்பியாக்குவது எவ்வளவு நீண்ட வேலை என்பதைப் பங்குச்சபைக் கூட்டங்களில் குந்தியிருந்தவர்கள் அறிவார்கள்.

‘எல்லோரும் பெயர் கொடுங்கள்’ என்று கேட்பது இந்த ஊருக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒல்லாந்துப் பாதிரியார் பால்தேயு 1672இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் வலிகாமத்தின் பதினான்கு கோயில்கள் வருகின்றன. தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி என்று போகிற அந்த வரிசையில் மயிலிட்டியும் உண்டு. அந்தக் காலத்திலும் உபாத்தியாயர் கையில் தோம்பு இருந்தது, அதில் எல்லோருடைய பெயரும் இருந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைக்குக் குற்றப்பணம். நூறு சதவீதப் பங்கேற்பு! ஒல்லாந்தர் கோட்டையை விட்டுப் போன பிறகு அந்தத் தோம்புச் சபை எவ்வளவு நாள் நின்றது? நிற்கவில்லை. ஒல்லாந்தர் தடை போட்ட கத்தோலிக்கம்தான் நின்றது. தோம்பிலும் பெயர், கொப்பியிலும் பெயர். தோம்புக்கு ஆள் வந்தால் போதும், கொப்பிக்கு ஆளின் கை வேண்டும்.

இந்தக் கொப்பிக்கே ஒரு காலம் ஊர் இல்லாமல் போனது. 1990 ஜூன் 15. மயிலிட்டிச் சனம் பெட்டியும் பிள்ளையுமாக வெளியேறிய நாள். இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த மயிலிட்டி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. சனம் மல்லாகம் கோணப்புலம் போன்ற நலன்புரி முகாம்களுக்கும், உறவினர் வீடுகளுக்கும், வேறு கரைகளுக்கும் சிதறியது. கோயில் இல்லை, ஆனால் பங்கு இருந்தது. யாருடைய பிள்ளைக்கு முதல்நன்மை, யாருக்குச் செத்தவீடு என்பதெல்லாம் தகரக் கொட்டில்களுக்கு நடுவே வாயால் ஓடித் திரிந்தது. துறைமுகத்தோடு சேர்ந்த 54 ஏக்கர் 2017 ஜூலை 3ஆம் திகதி விடுபட்டது. அடுத்த ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் இன்னும் 683 ஏக்கர். 27 வருடம் கழித்துத் தன் வளவைத் தேடி வந்தவர்களுக்கு முதல் வேலை பற்றை வெட்டுவது. கத்தியும் மண்வெட்டியும் பிடிக்கிற கை எல்லாம் அன்றைக்கு வேண்டியிருந்தது. ஊர் பார்த்திராத பேரப்பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள்.

அதன் பிறகு துறைமுகம் படிப்படியாக வளர்கிறது. முதல் கட்டத் திறப்பு 2019 ஓகஸ்டில், மூன்றாம் கட்ட வேலைத் தொடக்கம் 2025 செப்டெம்பரில். அத்துமீறி வந்து பிடிபட்ட இந்திய றோலர்களும் அங்கேதான் கட்டிக் கிடக்கின்றன. ஆனால் ஊர் முழுவதும் இன்னும் திரும்பவில்லை. காணி விடுபடாதவர்கள் இருக்கிறார்கள், வெளியூரிலேயே வேரூன்றிவிட்டவர்கள் இருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களை ‘சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்கோ’ என்று கூப்பிட முடியாது. காற்றும் கடலும் சொல்கிற நேரம்தான் அவர்கள் நேரம். அதற்கும் கொப்பியில் வழி இருந்தது: அவர்கள் பெயருக்கு நேரே நாளில்லை, ‘கரைக்கு வந்த அண்டு’ என்று மட்டும் இருந்தது.

வெளிநாட்டுக்காரர் கதைதான் சிக்கல். கனடா, பிரான்ஸ், லண்டன். மனம் நல்ல மனம், காசும் நல்ல காசு. சொரூபக் கூடு சோடிக்க எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். என் அபிப்பிராயத்தில் இந்தக் காசு கொஞ்சம் ஆபத்தானது. சோடினைக்கு ஆளைக் கூலிக்குப் பிடிக்கத் தொடங்கினால் அந்த ஆச்சியின் குருவிகள் எங்கே போவது? பிளாஸ்டிக் பூ பெட்டியோடு வந்து இறங்கினால் காலையில் பூப்பறிக்கிற சிறுமிகளுக்கு என்ன வேலை? இதற்கும் ஒரு குறும்பு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். காசு அனுப்புகிறவருக்கும் ஒரு வேலை! வட்ஸ்அப்பில் ஒரு பெயர் போகிறது: ஊரில் தனியே இருக்கிற இந்த அப்புவுக்கு ஞாயிறுதோறும் நீங்கள் கோல் எடுத்துக் கதைக்க வேண்டும். ரொறொன்ரோவில் பனி கொட்டினாலும் எடுக்க வேண்டும். காசு அனுப்பும்போது கேட்காத கேள்வியை இதற்குத்தான் கேட்கிறார்களாம்: “என்ன கதைக்கிறது?”

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல நான் வரவில்லை. ஸ்பீக்கரில் பெயர் வாசித்தால்தான் கொடுப்பேன் என்கிறவர், தன் பெயரைத் தப்பாக வாசித்ததற்கு அடுத்த வருடம் முகம் காட்டாதவர் எந்தப் பங்கிலும் உண்டு. கூடு தூக்கத் தோள் கொடுப்பது யார், முன்னுக்கு யார், பின்னுக்கு யார் என்பதில் முறுகாத திருவிழா குறைவு. கதிரையில் இருந்து கூட்டம் நடத்துகிறவர் ஆண், கூட்டம் முடிய கதிரை அடுக்குகிறவர் பெண் என்பது பொதுவான நடைமுறை. ‘எல்லோருக்கும் பணி’ என்கிறபோது எந்தப் பணி யாருக்கு என்பதைப் பார்க்காவிட்டால் பாரமெல்லாம் பழைய முதுகிலேயே ஏறும். கூட்டுவது, கழுவுவது, காய்ச்சுவது ஒரு பக்கம், தூக்குவது, வாசிப்பது, வரவேற்பது மறுபக்கம். இதைப் பங்குச்சபைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

இந்த முறை ஒருவரும் எழுந்து சொல்லவில்லை. குசினி அன்ரிமார் கொப்பியில் ஒரு கோடு மட்டும் கீறினார்கள். கூடு தூக்குகிறவர்களின் பெயர்ப்பட்டியலிலிருந்து ஒரு அம்புக்குறி, கீழே ‘கிடாரம் கழுவுதல்’ வரைக்கும். செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டார்.

திருவிழா சிறப்பாக முடிந்தது. கூடு ஆடாமல் அசையாமல் சுற்றி வந்தது. சனமெல்லாம் கலைந்த பிறகு பின்வளவுக்கு ஓடினேன், இதை விடுவேனா? பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கன்றிப்போன சிவப்போடு, ஊரின் பெரிய மனிதர்கள் அடிப்பிடித்த கிடாரத்தைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். ஒருவர் விரலால் தொட்டுப் பார்க்கிறார். இன்னொருவர் இதைக் கழுவ மெஷின் ஒன்றும் இல்லையா என்கிறார்.

“தும்பும் சாம்பலும் அந்தச் சிரட்டைக்குள்ளை கிடக்கு, தலைவர்,” என்று வாசலில் நின்று அன்ரி சொன்னார். “பச்சைத்தண்ணி ஊத்தாதேங்கோ, பிடிச்சது விடாது. சுடுதண்ணி ஊத்தி ஊறவிட்டு, அடியிலையிருந்து தேய்ச்சு வாங்கோ. மற்றக் கிடாரம் ரெண்டும் பின்னாலை வருது.”